தென்காசியை வதிவிடமாகவும் கொண்ட

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் 'மேற்கு முரசு' மாலைப் பத்திரிகையின் நிறுவனர் பால்வண்ணநாதன் அண்ணாச்சி அவர்களே, அவருக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கும் பஜார் டீக்கடை முகம்மது சலீம் அண்ணன் அவர்களே, நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காலுக்கிடையில் வைத்துக்கொண்டிருக்கும் ஊர்ப் பெருமக்களே, வாசகர்களே, உங்கள் எல்லோருக்கும் நஸீபாவின் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. அடுத்தவர்களின் பேச்சை வெட்டிச் சுருக்கிப் பத்திரிகையில் போட்டே காலத்தை ஓட்டியவள் நான். என் பேச்சை வெட்டுகிற ஒரே ஆள் எழுத்தாளர் மாடன்தான். இன்று அவர் இல்லை. அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரும் வழியெல்லாம் சுவரொட்டி பார்த்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து இந்த மண்டபம் வரைக்கும் ஒட்டியிருக்கிறீர்கள். "சிலோன் மாடன் மறைவு. கண்ணீர் அஞ்சலி." படமும் நல்ல படம். அன்பில்தான் ஒட்டினீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். இந்த ஊரில் ஐம்பது வருஷம் இருந்தவர். இந்த ஊர்ச் சாக்கடையைப் பற்றி எழுதியவர், இந்த ஊர்த் தேரைப் பற்றி எழுதியவர், குற்றாலத்துச் சீசன் கடைக்காரர்களைப் பற்றி முழு நாவலே எழுதியவர். அப்பேர்ப்பட்ட மனிதருக்குத் தென்காசிக்காரர் என்று பேர் வர இன்னும் எத்தனை வருஷம் ஆக வேண்டும்? செத்த பிறகும் வரவில்லை என்றால் எப்போதுதான் வரும்?

கோபத்தோடு ஆரம்பிக்கக் கூடாது என்று வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டுதான் புறப்பட்டேன். அந்தச் சுவரொட்டி கெடுத்துவிட்டது.

நான் அவரைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போக வரவில்லை. ஒரு வேலையோடு வந்திருக்கிறேன். எழுத்தாளர் மாடன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, உங்களுக்குத் தெரியும். அவருக்கு ரத்த உறவு என்று உலகத்தில் ஒரே ஆள்தான். அக்கா, பேர் சந்தனமாரி. இலங்கையில் பதுளையில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்துபோனால் வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். எந்த ஊரில் பிறந்தார், எந்த ஊர் வதிவிடம், அதாவது எந்த ஊரில் வாழ்ந்தார், யாருக்கு மகன், யாருக்கு அண்ணன், யாருக்கு மைத்துனர் என்று ஒவ்வொருவர் பேராக வாசிப்பார்கள். தம்பிக்கும் அப்படி வாசிக்க வேண்டும் என்று அந்த அக்கா கேட்கிறார்கள். போனில் அவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"என் ஒருத்தி பேர மட்டும் வாசிச்சா அது ஆளில்லாத சாவு மாதிரி இருக்கும் தங்கச்சி. அவனுக்கு அங்க யாரு இருக்காங்க? அவங்க பேரயும் கேட்டு வாங்கி அனுப்புங்க."

அவனுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? இதுதான் கேள்வி. என்னைத்தான் கேட்டார்கள், ஆனால் பதில் உங்களிடம் இருக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் அந்த அறிவித்தலை நான் அனுப்ப வேண்டும். அந்த அம்மா ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்கள் இஷ்டம்.

எழுத்தாளர் மாடன் பிறந்தது பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். ஆனால் அவருடைய பாட்டனார் நம் கடையத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறிக் கூலி வேலைக்குப் போனவர். மாடன் என்பதே இங்கே உள்ள அவர்கள் குலசாமியின் பேர்தான். கண்ணால் பார்க்காத சாமியின் பேரைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வைத்துவந்திருக்கிறார்கள். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் 'மாடா' என்று கூப்பிட்டால் நாலு மாடன்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டன. இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று ஆட்டுமந்தையைப் பிரிக்கிற மாதிரி மனிதர்களைப் பிரித்தார்கள். லயத்தில் ஒரே காம்பரா அறையில், ஒரே அடுப்பில் சோறு தின்ற குடும்பம். தாய்க்கும் அக்காவுக்கும் இலங்கைக் குடியுரிமை வந்தது. இருபது வயதுப் பையனுக்கு இந்தியக் குடியுரிமை வந்தது. ஆட்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோன ரயிலுக்கு அங்கே 'அழுகைக் கோச்சி' என்றே பேர். அந்தக் கோச்சியில் அவர் தனியாக ஏறினார். தாய் ரயில் பெட்டியின் கம்பியை விடவே இல்லையாம். கார்டு வந்துதான் விரலைப் பிரித்திருக்கிறார்.

வந்தவர் நேரே கடையத்துக்குத்தான் போனார். கோயிலில் கொடை நடக்கிற நேரம். பாட்டன் பேரைச் சொல்லியிருக்கிறார், சாமி பேர் தனக்கு வைத்திருப்பதைச் சொல்லியிருக்கிறார். கோயில் பெரியவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னாராம். "வரி குடுக்கிற குடும்பத்துல ஒங்க வீடு இல்லையே தம்பி. வெளியூர் ஆட்கள்லாம் அந்தக் கயித்துக்கு அங்கன நின்னு கும்புடுங்க." இலங்கையில் அவரை வடக்கத்தியான், இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்தால் சிலோன்காரன், வெளியூர் ஆள். இதை எங்களிடம் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். "சாமி பேரு எனக்குத் தெரியும். என் பேருதான் சாமிக்குத் தெரியல." நாங்களும் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் தென்காசிக்கு வந்தார். தன்னைப் போலவே வந்து சேர்ந்தவர்களுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தார். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் நம் தலைவர் பால்வண்ணநாதன் அண்ணாச்சி பத்திரிகைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அந்த ஒரு காரியத்துக்காக அண்ணாச்சிக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது. மற்ற காரியங்களைப் பற்றி இன்னும் கொஞ்ச நேரத்தில் பேசுகிறேன். அண்ணாச்சி கோபித்துக்கொள்ள மாட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது பத்திரிகையில் இல்லை. ஆனால் இதோ மேடையில் இருக்கிறாரே சலீம் அண்ணன், அவர் இருந்தார். அவர் கடையில்தான் நடந்தது. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் இலங்கை வானொலிதான் தெளிவாக எடுக்கும். எல்லாக் கடையிலும் அதுதான் பாடும். காலையில் பாட்டுக்கு நடுவில் மரண அறிவித்தல் வரும். நம் ஆட்கள் அதைக் காதில் வாங்காமல் வடையைத் தின்றுகொண்டிருப்பார்கள். அவர் மட்டும் டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். ஊர்ப் பேர்களைக் கேட்கத்தான் கேட்கிறேன் என்பாராம். பதுளை, பண்டாரவளை, அட்டன். பிறந்த மண்ணின் பேரைக் காதால் கேட்க அவருக்கு வேறு வழி இல்லை.

அன்றைக்கும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பதுளையைச் சேர்ந்த திருமதி பேச்சியம்மாள் காலமானார் என்றது வானொலி. அவருடைய தாயார். அன்னார் காலஞ்சென்ற பெரியசாமியின் அன்பு மனைவியும் என்றது. அது தகப்பனார். சந்தனமாரி, காலஞ்சென்ற மாடன் ஆகியோரின் பாசமிகு தாயாரும் ஆவார் என்றது.

காலஞ்சென்ற மாடன்.

பெற்ற தாயின் சாவுச் செய்தியையும் தன்னுடைய சாவுச் செய்தியையும் ஒரே மூச்சில் கேட்ட மனிதரை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? அவரைத்தான் நாம் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சலீம் அண்ணன் என்னிடம் சொன்னது இது. "பாதி டீ குடிச்சிருந்தாரு. மீதியையும் குடிச்சாரு. பொறவு கிளாச அவரே கழுவி வச்சாரு. நம்ம கடையில எவன் கிளாச கழுவுதான்? அப்பதான் எனக்கு திக்குன்னு இருந்துச்சு. 'சலீமு, நான் இருக்கேன்ல?'ன்னு கேட்டாரு. 'என்ன அண்ணாச்சி இப்பிடிக் கேக்கிய?'ன்னேன். 'இல்ல, ரேடியோவுல நான் செத்துட்டேன்னு சொல்றாங்க'ன்னாரு."

வானொலியின் மேல் தப்பில்லை. எழுதிக் கொடுத்ததை வாசித்தார்கள். அந்த அக்காவின் மேலும் தப்பில்லை. பின்னாளில்தான் தெரிந்தது, அதே கப்பலில் வந்த இன்னொரு மாடன், வந்தவர்களை இறக்கி வைத்திருந்த முகாமில் காய்ச்சல் கண்டு இறந்துபோயிருக்கிறார். நம்ம தோட்டத்து மாடன் இறந்துவிட்டான் என்று யாரோ பதுளைக்கு எழுதிவிட்டார்கள். நாலு மாடன்களில் எந்த மாடன் என்று எழுதவில்லை. இதற்குள் தாயும் அக்காவும் தோட்டத்தைக் காலி செய்து வேறு இடம் போய்விட்டார்கள். இவர் எழுதிய கடிதங்கள் பழைய தோட்டத்து ஆபீசிலேயே கிடந்தன. பேச்சியம்மாள் என்ற அந்தத் தாய், உயிரோடு இருந்த மகனுக்காக அழுது அழுதே போய்ச் சேர்ந்தார். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்த முகாமுக்குள் போய் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதும் இதைத்தான்.

அன்றைக்குச் சலீம் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு அவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். தாய்க்குக் காரியம் செய்ய வேண்டுமே. அருவிக்கரையில் கிச்சா வாத்தியார் என்று ஒருவர் இருந்தார், நல்ல மனிதர். இவர் அவரிடம் போய்க் கேட்டிருக்கிறார், "சாமி, செத்துப்போனவன் அம்மாவுக்குத் திதி குடுக்கலாமா?" கிச்சா வாத்தியார் இவரை மேலும் கீழும் பார்த்தாராம். விஷயத்தை முழுசாகக் கேட்டாராம். "மொதல்ல போய் அருவில நின்னுட்டு வாரும் ஓய். ஐப்பசி மாசத்து ஜலம். குளுரித்துன்னா நீர் இருக்கீர்னு அர்த்தம். வந்து உக்காரும், பண்ணி வைக்கறேன்."

நடுங்கிக்கொண்டே வந்து உட்கார்ந்து தாய்க்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். துண்டை வைத்துக்கொண்டு நின்றது சலீம் அண்ணன். அண்ணனுக்கு அன்று அவர் என்ன உறவு? எனக்குத் தெரியவில்லை. அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

அந்த அறிவித்தலில் சொன்ன விலாசத்துக்கு உயிரோடு இருக்கிறேன் என்று எழுதினார். பதில் வரவில்லை. பிறகு அங்கே கலவரம் வந்தது. அந்த விலாசத்தில் இருந்த கடை எரிந்துபோனது. அதோடு தடம் அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்தப் பழக்கம் வந்தது. பத்திரிகைக்காரர்கள் இங்கே பல பேர் வந்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். இறந்தவர் பேரை அச்சில் போடுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போவார். எவ்வளவு தூரமாக இருந்தாலும் போவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்காருவார். இறந்தவரைப் பற்றிக் கேட்க மாட்டார். இருப்பவர்கள் யார் யார் என்றுதான் முதலில் கேட்பார். அந்த வீட்டுக்குத் தெரியாத செய்தியை அவர் ஊருக்குச் சொன்னதே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். பத்திரிகை முடிக்கிற நேரத்தில் இந்த மனிதர் பஸ்ஸில் எங்கேயோ போய்க்கொண்டிருப்பார். நாங்கள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்போம். எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா? இந்த மண்டபம் தாங்காது.

ஒரு சீசன். அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. திருவேங்கடத்திலிருந்து ஒரு வேனில் வந்தவர்கள் நின்றுகொண்டிருந்த இடத்தில் அடித்துவிட்டது. நாலு பேர் இறந்துவிட்டார்கள் என்று வேன் பிடித்து வந்தவரே பேர் சொல்லிவிட்டார். எல்லாப் பத்திரிகைக்கும் பேர்கள் போய்விட்டன. எங்கள் பத்திரிகையில் மட்டும் இல்லை. நம் தலைவர் அன்று போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "ஏலே மாடா, பஸ் ஸ்டாண்டுல எல்லா பேப்பரும் வித்துட்டு. நம்ம பேப்பர் மட்டும் மொட்டையா கெடக்கு. நாலு பேரு பேரப் போட ஒனக்கு என்னலே கஷ்டம்?" அவர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நாலு வீட்டுக்கும் போயிட்டு வந்து போடுறேன் அண்ணாச்சி." அவ்வளவுதான் சொன்னார்.

திருவேங்கடத்தில் முதல் வீடு. மாரிச்செல்வி என்ற பெண் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். புருஷன் குற்றாலத்துக்குப் போனார் என்பது மட்டும்தான் தெரியும். பத்திரிகை அந்தத் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இவர் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறக்கவில்லை. சொந்தக்காரர்கள் யாராவது வரட்டும் என்று தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில் வந்தது சொந்தக்காரர் இல்லை. அந்தப் புருஷனே வந்தார். வேனில் ஏதோ வாய்த்தகராறு, கோபித்துக்கொண்டு சங்கரன்கோவிலிலேயே இறங்கிவிட்டாராம். யாரிடமும் சொல்லவில்லை. வேன் பிடித்தவர் தலையை எண்ணியபோது ஆள் குறைந்தது, பேரைச் சேர்த்துவிட்டார்.

தன் பேர் செத்தவர் பட்டியலில் இருப்பது தெரியாமல் அந்த ஆள், "யாரு நீங்க? என்ன வேணும்?" என்று அதட்டிக் கேட்டாராம். இவர் எழுந்து நின்று, "ஒண்ணும் வேணாம். ஒரு தடவ உள்ள போய் உங்க பொண்டாட்டி கண்ணுல படுங்க" என்றாராம். பிறகு தெருவுக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அந்த முகாமில் செத்தது எந்த மாடன் என்று முகத்தைப் பார்க்க ஒருவரும் போகவில்லை என்பதற்காக அழுதாரோ, இந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அழுதாரோ, எனக்குச் சொல்லவில்லை. மற்ற மூன்று வீடுகளில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்த மூன்று வீட்டுக்கும் போய்விட்டுத்தான் திரும்பினார்.

அந்தப் புருஷன் பேர் பாண்டிராஜ். அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மாரிச்செல்வியும் வந்திருக்கிறார். திருவேங்கடத்திலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கிறார்கள்.

அவருடைய நாவல்களைப் பற்றிப் படித்தவர்கள் பேசுவார்கள். நான் ஒரு வார்த்தை மட்டும் சொல்கிறேன். 'அட்டை கடித்த கால்' தோட்டத்துக் கதை. 'ஐந்தருவிச் சாலைக் கடைகள்' நம் குற்றாலத்துக் கதை. மூன்றாவது நாவல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் கடலில் நடக்கிறது. மூன்றிலும் ஒரு சாவு கூட இல்லை. ஒரு விமர்சகர் அதைப் பெரிய குறையாக எழுதினார், வாழ்க்கையின் கடுமை இல்லை என்று. நான் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டுபோய் அவர் மேஜையில் போட்டேன். படித்துவிட்டுச் சொன்னார், "பத்திரிகையில தினமும் எழுதுறேன்ல நஸீபா. நாவல்லயாவது எல்லாரும் இருந்துட்டுப் போகட்டும்."

நம் மாவட்ட எழுத்தாளர்கள் என்று இங்கே ஒரு விழா நடத்தினார்கள். அவர் பேர் இல்லை. கேட்டதற்கு, "அவரு சிலோன்லா" என்றார்கள். இலங்கையில் ஒரு தொகுப்பு போட்டார்கள், அதிலும் இல்லை. அவர் இந்திய எழுத்தாளராம். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "ரெண்டு வீட்டுக்கும் விருந்தாளி நான். எலதான் இன்னும் யாரும் போடல" என்றார். எவ்வளவு பெரிய வருத்தத்தையும் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்த வருத்தம் எங்களிடம் தங்கிவிடும்.

ஆனால் அந்த நாவல்தான் அக்காவைக் கொண்டுவந்தது. பதுளையில் ஒரு டீச்சர் 'அட்டை கடித்த கால்' படித்துவிட்டு, இது நம்ம தோட்டம் மாதிரி இருக்கே என்று சந்தனமாரி அக்காவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். எங்கள் ஆபீசுக்குப் போன் வந்தது. எடுத்தது நான். அவரிடம் கொடுத்தேன்.  எடுத்த எடுப்பில் அந்தப் பக்கமிருந்து ஒரு கேள்வி. "நீ என் தம்பிதான்னா, அம்மா உன்ன என்னன்னு கூப்புடும்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சின்னாளுன்னு கூப்புடும். திட்டும்போது சாமி பேரு வாயில வந்துடக் கூடாதுன்னு, மாடன்னு கூப்புடாது" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த அழுகையை நான் எட்ட நின்றே கேட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கவே இல்லை. ஏன் போகவில்லை என்று நான் அவரிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டேன். "என்னன்னு எழுதிக் குடுத்துப் போறது? டூரிஸ்ட்டுன்னு எழுதணும். நான் பொறந்த காம்பராவப் பாக்க டூரிஸ்ட்டாப் போகணுமா?" என்பார். வீம்பு பிடித்த மனிதர். இந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, இப்போதும் உண்டு. டூரிஸ்ட் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? போயிருக்கலாம். அந்த அக்கா முகத்தைப் பார்த்திருக்கலாம்.

போன வாரம் மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாளே நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் படத்துக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். யார் என்று கேட்கவில்லை, அவர்களும் இங்கேதான் இருப்பார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு அதை அவரே பார்த்தார். முகத்தில் ஆக்ஸிஜன் குழாய். அதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, "யாராச்சும் வந்து பாத்தாங்களா, இல்லையான்னு கேளு" என்றார். சிரித்தார். எனக்கு அவர் சொன்ன கடைசி வேலை அதுதான்.

இரண்டு நாள் கழித்து, அதிகாலையில், உண்மையாகவே போய்விட்டார்.

நான் கூட இருந்தேன். கண்ணை மூடிவிட்டதும் நான்தான். அதற்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. பத்திரிகையிலிருந்து போன் மேல் போன். "நம்ம ஆளு செய்தியே நம்ம பேப்பர்ல இல்லன்னா எப்படி?" என்றார்கள். எழுதி வைத்திருந்தேன், கொடுக்கவில்லை. முதலில் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நேரில் போக முடியாது. போன்தான் போட முடிந்தது. நாலு தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. அக்கா கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வரும்வரை செய்தி நின்றது. அன்று மாலை 'மேற்கு முரசு' அவருடைய சாவு இல்லாமலேதான் வெளிவந்தது. பால்வண்ணநாதன் அண்ணாச்சி இந்தத் தடவை சத்தம் போடவில்லை. "அவன் பழக்கம்லா. இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். என்னைவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

பொழுது சாய்ந்த பிறகு அக்கா போனை எடுத்தார்கள். சொன்னேன். அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா தங்கச்சி?"

"பாத்தேங்கா."

"நல்லாப் பாத்தீங்களா? நான் ஒரு தடவ இவன பாக்காமலே சாகடிச்சவ. அம்மாவ நம்ப வச்சவ. இன்னொரு தடவ அந்தப் பாவம் எனக்கு வேணாம். மொகத்தப் பாத்தீங்களா?"

"கையப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேங்கா. நான்தான் கண்ண மூடிவிட்டேன்."

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா அழுதார்கள்.

அவைப் பெருமக்களே, இதற்கு மேல் நான் என்ன சொல்ல? அவர் செய்த வேலையை நாங்கள் செய்வோம் என்று சொல்லலாம். சொல்கிறேன். கதவைத் தட்டாமல் எந்த மனிதரின் சாவும் எங்கள் பத்திரிகையில் வராது. காகிதத்தில் வந்தாலும் செல்போனில் வந்தாலும் வராது. பிந்தினால் பிந்தட்டும். இது தலைவர் முன்னிலையில் நான் கொடுக்கிற வாக்கு. தலையாட்டுகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். அவனுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? அறிவித்தலை எழுதி இதோ கையில் வைத்திருக்கிறேன். அக்கா பேருக்குப் பிறகு இடம் விட்டிருக்கிறேன். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விருப்பம் உள்ளவர்கள் பேரும் முறையும் சொல்லலாம்.

கேட்கிறது பாண்டிராஜ், உட்காருங்கள். தம்பி என்று போடச் சொல்கிறீர்கள். போட்டுவிட்டேன். மாரிச்செல்வி, தம்பி மனைவி என்றால் நீங்கள் அவருக்குக் கொழுந்தியா முறை, சரிதானே? சலீம் அண்ணா, உங்களுக்கு? மைத்துனரா? சரி. அண்ணாச்சி, நீங்கள் ஏன் எழுந்து நிற்கிறீர்கள், உட்கார்ந்தே சொல்லுங்கள். மூத்த சகோதரர். எழுதிக்கொண்டேன். இருங்கள், இருங்கள், ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர்கள் வெளியே போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு பேரையும் விடமாட்டேன்.

ஊர் எழுதுவதற்கு நான் யாரையும் கேட்கப் போவதில்லை. கடையத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். சுவரொட்டியில் சிலோன் என்று போட்டார்கள். ஆனால் அந்த நாட்டு அறிவித்தலில் ஒரு மனிதனுக்கு ஓர் ஊர்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்கள். பதுளைக்கு அனுப்புவதற்கு முன்னால் உங்களுக்கு வாசித்துவிடுகிறேன்.

"மரண அறிவித்தல். கடையத்தைப் பூர்வீகமாகவும், பதுளையைப் பிறப்பிடமாகவும், தென்காசியை வதிவிடமாகவும் கொண்ட, சின்னாளு என்று தாயாரால் அழைக்கப்பட்ட எழுத்தாளர் பெரியசாமி மாடன் காலமானார். அன்னார் காலஞ்சென்ற பெரியசாமி, காலஞ்சென்ற பேச்சியம்மாள் ஆகியோரின் அன்பு மகனும், பதுளை சந்தனமாரி, தென்காசி பால்வண்ணநாதன், திருவேங்கடம் பாண்டிராஜ், தென்காசி நஸீபா ஆகியோரின் பாசமிகு சகோதரரும், திருவேங்கடம் மாரிச்செல்வியின் அன்பு அத்தானும், தென்காசி முகம்மது சலீமின் அன்பு மைத்துனரும், இங்கே எழுந்து நிற்கும் அனைவருக்கும் உற்றாரும் ஆவார்."

வாசித்துவிட்டேன் மாடன் அண்ணாச்சி. கண்ணால் பார்த்த பிறகுதான் வாசித்தேன்.